எண்ணும் சுமையும்

'யதார்த்தமான எதிர்பார்ப்பு' என்று ஒரு சொற்சேர்க்கை புழக்கத்தில் இருக்கிறது. இலக்கியத்தில் யதார்த்தம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் பட்ட பாடு போதாதென்று, அது எதிர்பார்ப்புக்கும் அடைமொழியாக வந்து நிற்கிறது. யதார்த்தம் இருப்பதைப் பற்றியது. எதிர்பார்ப்பு இன்னும் இல்லாததைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சொல்ல வருவது ஒன்றுதான்: கொஞ்சம் குறைத்து எதிர்பார், ஏமாற்றம் குறையும். இது புத்திமதி, சிந்தனை அல்ல. குறைத்து எதிர்பார்ப்பதால் ஒருவனுடைய பார்வை யதார்த்தமாகிவிடாது. அவனுடைய மனச் சங்கடம் குறையும், அவ்வளவுதான்.

இதை மிகச் சாதாரணமான ஒரு விஷயத்தை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். அமெரிக்காவில் பிக்-அப் வண்டி வைத்திருப்பவன், ஒரு கேலன் பெட்ரோலுக்குத் தன் வண்டியிடம் எத்தனை மைல் எதிர்பார்க்கலாம் என்பது விஷயம். கவிதையும் விமர்சனமும் வருகிற பக்கங்களில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். அளவுகோல் பற்றிய பிரச்னை எங்கே எழுந்தாலும் அது நம்முடைய பிரச்னையும்தான் என்பது என் அபிப்ராயம். தவிர, நான் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். என்னிடம் ஒரு பிக்-அப் இருக்கிறது. அதன் டேஷ்போர்டில் ஒரு நோட்டும் இருக்கிறது.

பிக்-அப் என்பது முன்னால் ஆட்கள் உட்காரும் இடமும், பின்னால் சாமான் ஏற்றுவதற்குத் திறந்த தொட்டியும் உள்ள வண்டி. விவசாயிக்கும் தச்சனுக்கும் குழாய் வேலைக்காரனுக்கும் என்று உருவானது. பிற்பாடு அலுவலகத்துக்குப் போகவும், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடவும், சும்மா இருக்கவும் பயன்படலாயிற்று. ஃபோர்டு கம்பெனியின் எஃப் வரிசை, 1977 தொடங்கிப் பல பத்தாண்டுகள் தொடர்ச்சியாக அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற பிக்-அப்பாக இருந்திருக்கிறது. இந்த வண்டிகளை 'அரை டன்', 'முக்கால் டன்', 'ஒரு டன்' என்று இன்றும் அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயர் வண்டி சுமக்கக்கூடிய எடையைச் சொன்னது. இன்றைய 'அரை டன்' வண்டி பெரும்பாலும் அரை டன்னுக்கு மேலேயே சுமக்கும். பெயர் பழைய எடையிலேயே நின்றுவிட்டது. சுமை என்பது இவ்வண்டிகளின் பெயரில் இருக்கிறது; வாழ்க்கையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கா அதிர்ந்துபோயிற்று. 1974-ன் தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் 55 மைல் வேக வரம்பு சட்டமாயிற்று. 1975-ல் வந்த எரிசக்திச் சட்டம், வண்டிகள் எவ்வளவு குடிக்கின்றன என்பதை வாங்குபவனுக்குச் சொல்லியாக வேண்டும் என்றது. அதன்படி ஷோரூமில் நிற்கும் ஒவ்வொரு புது வண்டியின் கண்ணாடியிலும் ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. நகரத்தில் இத்தனை மைல், நெடுஞ்சாலையில் இத்தனை மைல், இரண்டும் சேர்ந்து இத்தனை.

இந்த எண்கள் சாலையில் எடுக்கப்பட்டவை அல்ல. ஆய்வுக்கூடத்தில் வண்டியின் சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழல்கின்றன. வண்டி நின்ற இடத்திலேயே ஓடுகிறது. நகரச் சோதனை சுமார் 11 மைல் தூரம். சராசரி வேகம் 21 மைல். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் காலை நேரத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பாதையை மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டது. நெடுஞ்சாலைச் சோதனை சுமார் 10 மைல். சராசரி வேகம் 48 மைல். அதில் வண்டி 60 மைல் வேகத்தைத் தாண்டுவதே இல்லை. 55 மைல் வரம்பின் காலத்து நெடுஞ்சாலை அது. அந்த வரம்பு 1995-ல் நீக்கப்பட்டது. மனிதர்கள் 75-ல் போகத் தொடங்கிய பிறகும் உருளைகள் பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்தன.

சீட்டு சொன்னதும் டாங்க் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்ற முறையீடு ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1985 மாடல் ஆண்டிலிருந்து நகர எண்ணில் 10 சதவீதமும் நெடுஞ்சாலை எண்ணில் 22 சதவீதமும் கழித்துப் போட்டார்கள். 2008 மாடல் ஆண்டிலிருந்து மூன்று புதிய சோதனைகளைக் கணக்கில் சேர்த்தார்கள்: 80 மைல் வேகம் வரை போகும் முரட்டு ஓட்டம், 35 டிகிரி செல்சியஸ் வெயிலில் ஏ.ஸி. போட்டு ஓட்டம், உறைநிலைக்கு 7 டிகிரி கீழான குளிரில் ஓட்டம். எண் மேலும் இறங்கிற்று. அரசாங்கம் தன் எதிர்பார்ப்பை இருமுறை யதார்த்தமாக்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

ஆனால் யாருடைய யதார்த்தம்? 1835-ல் பெல்ஜியத்துக் கெத்தலே தன் நூலில் 'சராசரி மனிதன்' என்ற ஒருவனை உலகுக்கு அறிமுகம் செய்தார். ஆயிரம் பேரின் உயரத்தைக் கூட்டி வகுத்தால் கிடைக்கும் உயரம் உள்ளவன் அவன். அந்த ஆயிரம் பேரில் அவன் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீட்டில் இருக்கும் எண் அவனுக்கு உரியது. அவன் வண்டியை எங்கும் எவனும் ஓட்டுவதில்லை. அந்த எண்ணை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறவன், தனக்கு யாரோ எழுதிய கடிதமாகப் பொது அறிவிப்பை வாசிக்கிறான். அது ஒப்பிடுவதற்கான கோல். இரண்டு வண்டிகளை ஒரே உருளையில் ஓட்டினால் எது குறைவாகக் குடிக்கும் என்பதை அது நேர்மையாகச் சொல்லும். உன் வாழ்க்கையில் அது எவ்வளவு குடிக்கும் என்று சொல்ல அதற்கு வழி இல்லை. உன் வாழ்க்கை அதற்குத் தெரியாது.

என் நோட்டில் உள்ள எண்கள் வேறு வகை. டாங்கை நிரப்பும்போது எத்தனை கேலன் பிடித்தது, கடைசியாக நிரப்பியதிலிருந்து எத்தனை மைல் ஓடியிருக்கிறது, இரண்டையும் எழுதி வகுக்க வேண்டியதுதான். வண்டியே திரையில் ஒரு கணக்குக் காட்டும். பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமான கணக்கு. ஒரே ஒரு டாங்கை வைத்தும் முடிவு கட்ட முடியாது. பங்க்கில் குழாய் ஒரு நாள் முன்னே நிற்கும், ஒரு நாள் பின்னே நிற்கும். பத்துப் பதினைந்து முறை எழுதிய பிறகுதான் எண் பேசத் தொடங்கும். என் வண்டியின் சீட்டில் 19 என்று இருந்தது. என் நோட்டில் 11-ம் இருக்கிறது, 22-ம் இருக்கிறது.

ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். 11-க்கும் 22-க்கும் நடுவில் என்ன இருக்கிறது? முதலாவது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவது. 55 மைலிலிருந்து 75-க்குப் போனால் ஒவ்வொரு மைலுக்கும் காற்றைத் தள்ளச் செலவாகும் சக்தி ஏறக்குறைய 86 சதவீதம் கூடுகிறது. பிக்-அப்பின் முகமோ சுவர்போல உயர்ந்தது; அதற்கு இந்தக் கணக்கு மற்ற வண்டிகளைவிடக் கடுமை. இரண்டாவது குளிர். 25 டிகிரியில் ஓடுவதைவிட உறைநிலைக்கு 7 டிகிரி கீழே நகரத்தில் ஓடும்போது பெட்ரோல் வண்டிக்குச் சுமார் 15 சதவீதம் குறையும். மூன்று நான்கு மைல் மட்டும் போய் நிறுத்தினால் 24 சதவீதம்வரை குறையலாம். எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. மூன்றாவது எண்ணெயே. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் கலப்பில்லாததைவிடச் சுமார் 3 சதவீதம் சக்தி குறைவு. நான்காவது அலங்காரம். பெரிய டயர் மாட்டி வண்டியை உயர்த்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றும் எடையும் கூடுவது ஒரு பக்கம். மறுபக்கம், டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போகும். மைல் காட்டிக்கு அது தெரியாது. அது பழைய டயரின் கணக்கிலேயே எண்ணிக்கொண்டிருக்கும். அளக்கிறவன் அளவுகோலையே மாற்றிவிட்டு அளவு குறைகிறது என்கிறான்.

இவற்றில் குளிர் என் கையில் இல்லை. வேகம் பெரும்பாலும் என் கையில் இருக்கிறது. நம் வசத்தில் உள்ளவை, நம் வசத்தில் இல்லாதவை என்று எபிக்டீட்டஸ் பிரித்த கோடு சீட்டுக்கும் நோட்டுக்கும் இடையில் ஓடுகிறது. 'இந்த வண்டி 15-தான் கொடுக்கும்' என்று சொல்பவன் தன் செயலின் விளைவை ஒரு ஜடப்பொருளின் குணமாக மாற்றிவிடுகிறான். 1943-ல் சார்த்தர் தம் பெருநூலில் விவரித்த சுய ஏமாற்றுக்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வண்டி எதையும் கொடுப்பதில்லை, அது எரிக்கிறது. எவ்வளவு எரிக்க வேண்டும் என்று காலால் சொல்பவன் மேலே உட்கார்ந்திருக்கிறான்.

இதுவரை சொன்னது எந்த வண்டிக்கும் பொருந்தும். பிக்-அப்புக்கு மட்டுமே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். என் நோட்டில் 11 என்று இருக்கும் வரிகள், ட்ரெய்லரைக் கட்டி 2 டன் விறகு இழுத்த நாட்களுக்குரியவை. 22 என்று இருக்கும் வரிகள், கோடையில் தொட்டி காலியாக, தனியாளாக, நெடுஞ்சாலையில் நிதானமாகப் போன நாட்களுக்குரியவை. அதாவது வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்யும்போது அதன் எண் மிகத் தாழ்ந்து கிடக்கிறது. செய்யாதபோது உயர்ந்து நிற்கிறது. பிக்-அப் தன் ஸ்வதர்மத்திலிருந்து விலகும் அளவுக்கு அதற்கு மதிப்பெண் கூடுகிறது.

இது தற்செயல் இல்லை. சோதனையிலேயே அப்படித்தான். உருளைகளில் ஓடும்போது அதன்மேல் வைக்கப்படும் எடை வெறும் வண்டியின் எடையோடு 300 பவுண்டு, அதாவது இரண்டு ஆட்கள். பின்னால் ஒன்றும் இல்லை. பிக்-அப்பை அது பிக்-அப்பாக இல்லாத நிலையில் அளந்து, அந்த எண்ணைப் பிக்-அப்பின் எண் என்று ஒட்டுகிறார்கள். 'கேலனுக்கு எத்தனை மைல்' என்ற அளவுகோலுக்குள் சுமைக்கு இடமே இல்லை. 11 மைல் கொடுத்த அந்த ஒரு கேலன் 2 டன்னை 11 மைல் நகர்த்தியது; 22 டன்-மைல் வேலை. 22 மைல் கொடுத்த கேலன் என்னை மட்டும் நகர்த்தியது. வேலை என்ற கணக்கில் முதலாவதுதான் சிக்கனம். மைல் என்ற கணக்கில் அது ஊதாரி.

ஆகவே, விறகு இழுக்கும்போது எண் விழுந்துவிட்டதே என்று புலம்புகிறவன் தன் வண்டி வண்டியாக இருப்பதைக் குறித்துப் புலம்புகிறான். காலித் தொட்டியோடு 22 கிடைத்தது என்று பெருமைப்படுகிறவன், கார் ஒன்று இன்னும் நன்றாகச் செய்திருக்கக்கூடிய வேலையைத் தன் வண்டி சுமாராகச் செய்ததைக் குறித்துப் பெருமைப்படுகிறான். இருவரும் ஒரே எண்ணைப் பார்க்கிறார்கள். இருவரும் அந்த எண் விட்டுவிட்டதைப் பார்க்கவில்லை.

சட்டமும் பார்க்கவில்லை. 1975-ன் சட்டம் கார்களுக்கு 1985-க்குள் 27.5 மைல் சராசரி என்று தானே எழுதிவைத்தது. லாரி ரகத்துக்கு உரிய எண்ணை அரசுத்துறை வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டது. அப்படி வகுக்கப்பட்ட எண் எப்போதும் கார்களுடையதைவிடத் தாழ்ந்தே இருந்தது. காரணம் நியாயமானது: அவை உழைக்கும் வண்டிகள். உழைப்புக்குக் கொடுத்த அந்தச் சலுகை, உழைப்பு வெளியேறிய பிறகும் வண்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கனமானவற்றின் கதை வேறு. மொத்த எடை வரம்பு 8500 பவுண்டுக்கு மேற்பட்ட பிக்-அப்புகளுக்கு அந்தச் சீட்டே கட்டாயமில்லை. மிக அதிகமாக எரிப்பதற்கு எண்ணே கிடையாது. அதன் சொந்தக்காரனுக்குத் தன் நோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

காலியாகப் போகிற தொட்டியில் என்ன இருக்கிறது? சாத்தியம் இருக்கிறது என்பது என் பதில். என்றாவது ஒரு நாள் வீடு மாற்ற வேண்டியிருக்கும், என்றாவது ஒரு படகை இழுக்க வேண்டியிருக்கும். அந்த 'என்றாவது'வை மனிதன் தினமும் ஏற்றிக்கொண்டு போகிறான். சாத்தியத்துக்கு எடை இல்லை என்று தோன்றும். ஆனால் அதைத் தாங்கும் சட்டகத்துக்கு எடை இருக்கிறது, அதை இழுக்கும் எஞ்சினுக்குத் தாகம் இருக்கிறது. மைலேஜ் குறைவு என்பது, நடக்காத நிகழ்ச்சிகளுக்காக ஒவ்வொரு பங்க்கிலும் செலுத்தும் வட்டி. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. சாத்தியத்தைச் சுமக்காத மனிதன் யார்? எழுதாத நாவலுக்காக அலமாரி நிறையப் புத்தகம் சேர்ப்பவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் அலமாரி புகை விடுவதில்லை.

இங்கே விஷயம் தனிமனிதனின் பணப்பையைத் தாண்டுகிறது. 'எனக்கு எத்தனை கிடைக்கும்' என்று கேட்பதாலேயே ஒரு பெரிய உண்மை மறைந்துபோகிறது. 2008-ல் லாரிக், சோல் என்ற இரு ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் இதைச் சுட்டினார்கள். 33 மைல் கொடுக்கும் காரை விட்டு 50 மைல் கொடுக்கும் காருக்குப் போவது பெரிய பாய்ச்சலாகத் தோன்றும். 14 மைல் வண்டியிலிருந்து 17-க்குப் போவது அற்பமாகத் தோன்றும். 10,000 மைலுக்குக் கணக்குப் போட்டால் முதலாவதில் மிச்சம் சுமார் 103 கேலன். இரண்டாவதில் சுமார் 126 கேலன். மைலை மேலே போட்டு கேலனால் வகுக்கும் கணக்கு, கீழே எரிவதைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. 2013 மாடல் ஆண்டிலிருந்து சீட்டில் '100 மைலுக்கு இத்தனை கேலன்' என்றும் சிறிய எழுத்தில் போடுகிறார்கள். அதுதான் நேர்மையான எண். பெரிய எழுத்தில் இருப்பது பெருமைக்குரிய எண். பிக்-அப்காரனுக்கு இதில் ஒரு செய்தி உண்டு: 'இந்த ரகத்தில் ஒன்றிரண்டு மைல் கூடினால் என்ன, குறைந்தால் என்ன' என்ற அவனுடைய அலட்சியம் கணக்குத் தெரியாத அலட்சியம். தாழ்ந்த எண்களில்தான் ஒவ்வொரு மைலும் கனம்.

எஞ்சின்கள் முன்னேறிவிட்டன, ஆகவே வருங்காலம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். எஞ்சின்கள் முன்னேறியது வாஸ்தவம். 2011-ல் பொருளாதார அறிஞர் கிறிஸ்டஃபர் நிட்டெல் கணக்கிட்டுக் காட்டியபடி, எடையும் குதிரைசக்தியும் 1980-ல் இருந்த அளவிலேயே நின்றிருந்தால், 2006-க்குள் அமெரிக்கக் கார், பிக்-அப் வகைகளின் மைலேஜ் ஏறக்குறைய 60 சதவீதம் கூடியிருக்கும். நடந்தது அதுவல்ல. கிடைத்த திறமையின் பெரும்பகுதி எடையாகவும் வேகமாகவும் செலவிடப்பட்டது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கக் கற்றால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று 1865-லேயே ஜெவன்ஸ் எழுதினார். யந்திரம் மிச்சம் பிடித்துக் கொடுப்பதை மனிதனுடைய ஆசை எடுத்துக்கொள்ளும். இதையும் வண்டியின் குணம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பழியை முழுக்கச் சொந்தக்காரன் தலையில் இறக்குவதும் யதார்த்தம் ஆகாது. அவன் வாங்கக்கூடியவை விற்கப்படுபவை மட்டுமே. இறக்குமதியாகும் சிறு லாரிகளின் மீது 1964-லிருந்து 25 சதவீதத் தீர்வை நிற்கிறது. ஒரு கட்டத்தில் சிறிய பிக்-அப் என்பதே அந்தச் சந்தையில் அருகிப்போயிற்று. 2022 மாடல் ஆண்டில் ஃபோர்டு கொண்டுவந்த மேவரிக் என்ற சிறு பிக்-அப், ஹைப்ரிட் எஞ்சினோடு சீட்டில் 37 காட்டியது. சாத்தியமாகாமல் இருந்த விஷயம் அல்ல அது என்று அப்போது தெரிந்தது. அதேபோல் ஏணியும் குழாயும் ஏற்றிக்கொண்டு விடியலில் கிளம்பும் ஒருவனை 12 மைல்காரன் என்று குறை சொல்ல எவனுக்கும் யோக்யதை இல்லை. அவனுடைய 12-க்குள் ஒரு வீட்டின் கூரை இருக்கிறது. காலி வண்டியில் 20 எடுக்கும் இன்னொருவன் அவனைவிட ஒழுக்கசீலன் என்று எந்த அளவுகோல் சொன்னாலும் அந்த அளவுகோலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் யதார்த்தமான எதிர்பார்ப்பு என்பது என்ன? சீட்டில் உள்ளதில் நாலைந்து கழித்துக்கொள்வது அல்ல. ஓர் எண்ணைச் சொல்லும்போது அதில் எவ்வளவு வானிலையினுடையது, எவ்வளவு கம்பெனியினுடையது, எவ்வளவு சட்டத்தினுடையது, எவ்வளவு தன்னுடையது என்று பிரித்துச் சொல்லக்கூடியவனுடைய எதிர்பார்ப்பே யதார்த்தமானது. அது 11 ஆகவும் இருக்கலாம், 22 ஆகவும் இருக்கலாம். எண் தாழ்ந்ததற்காக வெட்கப்பட வேண்டிய நாளும் உண்டு, எண் உயர்ந்ததற்காக வெட்கப்பட வேண்டிய நாளும் உண்டு. எது எந்த நாள் என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

விமர்சனத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். சுமை ஏற்றாத எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடும்; அதன் ஓட்டத்தைப் பாராட்டுவது சுலபம். எதையாவது இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும் எழுத்து திணறும், புகை விடும், மெதுவாகப் போகும். நம்மிடம் உள்ள அளவுகோல்களில் பல ஓட்டத்தை மட்டுமே அளப்பவை. இதற்கு மேல் இந்த ஒப்புமையை இழுக்க விரும்பவில்லை. எந்த ஒப்புமைக்கும் இழுவை வரம்பு உண்டு.

என் நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறேன். மைல், கேலன், மூன்றாவதாகத் தொட்டியில் என்ன இருந்தது. முதல் இரண்டையும் வகுத்தால் ஓர் எண் வரும். மூன்றாவது எதனாலும் வகுபடாது. விறகு, உரம், பக்கத்து நிலத்துக்காரரின் வைக்கோல் என்று சில வரிகளில் எழுதியிருக்கிறது. மற்ற வரிகளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.